ஊசலின் சமநேர இயல்பு: கலிலியோ முதல் ராமன் வரை

மேல்நிலைப் பள்ளி இயற்பியலில் அலைவுகள் பற்றிய பாடம் எங்கே தொடங்கினாலும் தனி ஊசலைத் தொடாமல் முடிவதில்லை. எடையற்றதாகக் கருதப்படும் ஒரு நூலின் முனையில் சிறு குண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, பக்கவாட்டில் சற்றே இழுத்து விட்டால், அது ஒரு முழு அலைவுக்கு எடுத்துக்கொள்ளும் நேரம், அதாவது அலைவு நேரம், நூலின் நீளத்தையும் அவ்விடத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தையும் மட்டுமே பொறுத்தது என்றும், குண்டின் நிறையையோ அலைவின் வீச்சையோ பொறுத்ததன்று என்றும் மாணவர் படிக்கிறார். இவ்விதியோடு ‘வீச்சு சிறிதாக இருக்கும்போது’ என்ற நிபந்தனை ஒன்றும் சேர்ந்தே வருகிறது. தேர்வில் அதை எழுத மறந்தால் அரை மதிப்பெண் குறையும் என்பதைத் தாண்டி அந்த நிபந்தனைக்குப் பெரிய கவனம் கிடைப்பதில்லை. ஆனால் அலைவியக்கம் பற்றிய அறிவு பதினேழாம் நூற்றாண்டு தொடங்கி வளர்ந்த வரலாறு பெருமளவுக்கு அந்த ஒரு நிபந்தனையின் வரலாறே என்று காட்ட முடியும். கலிலியோ சமநேர இயல்பை, அதாவது வீச்சு கூடினாலும் குறைந்தாலும் அலைவு நேரம் மாறாது என்னும் பண்பை, எந்த நிபந்தனையும் இன்றியே அறிவித்தார். அறிவித்தது அவ்வடிவில் சரியன்று. அப்படியானால் அது எந்த இயக்கத்தில் முழுமையாகச் சரியாகும் என்ற கேள்வியே ஹைகன்ஸைச் சைக்ளாய்டு வளைகோட்டுக்கும், ஹூக்கைச் சுருள்வில்லுக்கும், நியூட்டனைப் பொது விதிக்கும், டெய்லரை இழுத்துக் கட்டிய கம்பிக்கும் இட்டுச்சென்றது.

கலிலியோவின் கூற்று

பீசா நகரத் தேவாலயத்தில் தொங்கிய விளக்கு ஆடுவதைக் கண்ட இளைஞர் கலிலியோ, தம் நாடித் துடிப்பைக் கொண்டு அதன் அலைவு நேரத்தை அளந்து விதியைக் கண்டறிந்தார் என்ற செய்தி பாடநூல்களில் இன்றும் இடம்பெறுகிறது. அச்செய்திக்கு ஆதாரம் அவருடைய இறுதிக்கால மாணவர் விவியானி, ஆசிரியர் மறைந்த பின் எழுதிய வாழ்க்கை வரலாறே. அதில் குறிக்கப்படும் 1583ஆம் ஆண்டுக்கும் அந்நூல் எழுதப்பட்ட காலத்துக்கும் இடையே எழுபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. இன்று அத்தேவாலயத்தில் ‘கலிலியோவின் விளக்கு’ என்று காட்டப்படுவது 1587இல்தான் அங்கே தொங்கவிடப்பட்டது. ஆகவே இச்செய்தியை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதற்கில்லை. ஊசல் பற்றிய அவருடைய கருத்துக்கு உறுதியான முதற்சான்று, 1602ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் தம் புரவலரும் இயந்திரவியல் அறிஞருமான குயிதோபால்தோ தெல் மோந்தேவுக்கு அவர் எழுதிய கடிதம்.

அக்கடிதம் எழுந்த சூழல் கவனத்துக்குரியது. கலிலியோவின் கூற்றை ஏற்கத் தயங்கிய குயிதோபால்தோ, வளைந்த விளிம்பின் உட்புறத்தில் குண்டுகளை உருட்டிப் பார்த்து, வெவ்வேறு உயரங்களிலிருந்து விட்ட குண்டுகள் அடிப்புள்ளியை ஒரே நேரத்தில் அடையவில்லை என்று கண்டிருந்தார். சோதனைக் கருவியின் வழவழப்பும் வளைவும் போதுமானவையல்ல என்று கலிலியோ மறுமொழி தந்து, நீண்ட நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கும்படி வேண்டினார். கருவியைக் குறைகூற அவருக்கு நியாயம் இருந்தது. ஆயினும் முடிவைப் பொறுத்தவரை உண்மைக்கு அருகில் நின்றவர் குயிதோபால்தோவே என்பதை மறுப்பதற்கில்லை.

பிழை எவ்வளவு பெரியது என்பதைக் கணக்கிட்டே அறியலாம். நிலைக்குத்திலிருந்து 10 பாகை வரை இழுத்துவிடப்பட்ட ஊசலின் அலைவு நேரம், மிகச் சிறு வீச்சுக்குரிய நேரத்தைவிட 0.2 விழுக்காடுதான் கூடுதலாகும். 30 பாகையில் அது 1.7 விழுக்காடாகவும், 60 பாகையில் 7 விழுக்காட்டுக்குச் சற்று மேலாகவும், 90 பாகையில் 18 விழுக்காடாகவும் உயர்கிறது. ஒரே நீளமுள்ள இரண்டு ஊசல்களில் ஒன்றை 60 பாகைக்கும் மற்றதை 5 பாகைக்கும் இழுத்து ஒருசேர விட்டு, வீச்சுக் குறையாமல் அவற்றை ஆடவைக்க முடிந்தால், ஏறத்தாழ பதினான்கு அலைவுகளுக்குள் முதலாவது ஒரு முழு அலைவு பின்தங்கிவிடும். நடைமுறையில் காற்றின் தடையால் பெரிய அலைவு விரைவாகச் சுருங்கி, வேறுபாடும் அதனுடன் தேய்ந்துபோவதால், கண்ணால் பார்ப்பவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போவதாகவே தோன்றும்.

ஆயினும் கலிலியோவின் உறுதி கண்ணால் கண்டதிலிருந்து மட்டும் வந்ததன்று. நிலைக்குத்தாக நிறுத்திய ஒரு வட்டத்தின் அடிப்புள்ளியில் முடியும் நாண்கள் அனைத்திலும், அவை நீளமானவையோ குறுகியவையோ, வழுக்கி இறங்கும் பொருளுக்கு ஒரே நேரம்தான் ஆகும் என்ற தேற்றத்தை அவர் நிறுவியிருந்தார். அத்தேற்றம் முற்றிலும் சரியானது. நாண்களுக்குப் பொருந்தும் சமநேரம் அந்நாண்கள் தாங்கும் வட்டவிற்களுக்கும் பொருந்தும் என்று அவர் நம்பினார், நிறுவ முயன்றார், நிறுவ முடியவில்லை. 1632இல் வந்த உலக அமைப்புகள் பற்றிய உரையாடல் நூலிலும், 1638இல் லெய்டன் நகரில் அச்சான இரு புதிய அறிவியல்கள் பற்றிய நூலிலும் அதே கூற்று மீண்டும் வருகிறது. பின்னதில் ஈயக்குண்டையும் தக்கைக்குண்டையும் சமநீளமுள்ள நூல்களில் ஆடவிட்டு, எடை வேறுபாடு அலைவு நேரத்தை மாற்றுவதில்லை என்று அவர் காட்டுவதும், அலைவு நேரம் நீளத்தின் இருமடி மூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று, அதாவது நேரம் இருமடங்காக வேண்டுமாயின் நீளம் நான்கு மடங்காக வேண்டும் என்று நிறுத்துவதும் இன்றுவரை நிலைத்திருப்பவை. பார்வையிழந்த நிலையில் 1641இல் ஊசலைக் கடிகாரத்தில் பயன்படுத்தும் ஓர் அமைப்பைத் தம் மகன் வின்சென்சியோவுக்கு விளக்கினார் என்பதும், அது முற்றுப்பெறுமுன் 1642 ஜனவரியில் மறைந்தார் என்பதும் அறியப்பட்டவை.

எண்ணிப் பார்த்தவர்கள்

கலிலியோவின் கருத்துகளைப் பிரான்சில் பரப்பியவர்களுள் முதன்மையானவரான துறவி மாரன் மெர்சென், அவற்றைச் சோதித்துப் பார்த்தவர்களுள்ளும் முதன்மையானவர். பெரிய வீச்சு சிறிய வீச்சைவிடக் கூடுதல் நேரம் எடுக்கிறது என்பதை அவர் அளந்து பதிவுசெய்தார். இத்தாலியில் ஏசு சபைத் துறவியான ரிச்சோலி, ஓர் அலைவு, அதாவது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்லும் அரைப் பயணம், சரியாக ஒரு நொடி எடுக்கும் ஊசலை உருவாக்க முனைந்து, 1642 ஏப்ரலில் உடன் துறவிகளை முறைவைத்து உட்காரச்செய்து, இருபத்துநான்கு மணி நேரமும் இடைவிடாமல் அலைவுகளை எண்ணினார். ஒரு நாளின் நொடிகள் 86,400. அவர்களுடைய எண்ணிக்கை 87,998. நீளம் ஏறத்தாழ நான்கு விழுக்காடு குறைந்திருந்தது என்பதே இதன் பொருள். அலைவு ஓயாதபடி அவ்வப்போது ஊசலைத் தள்ளிவிட வேண்டியிருந்ததையும், தள்ளும்போதெல்லாம் வீச்சு மாறியதையும் நினைத்தால், இந்த அளவு நெருங்கியதே வியப்புக்குரியது. சமநேர இயல்பு உண்மையா என்பது தத்துவ விவாதமாக இருந்த நிலை மாறி, ஒரு நாளைக்கு எத்தனை நொடி தவறும் என்ற கணக்காக அது மாறியது இவர்கள் கையில்தான்.

ஹைகன்ஸும் சைக்ளாய்டும்

டச்சு நாட்டவரான கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1656 டிசம்பரில் ஊசற்கடிகாரத்தின் முதல் மாதிரியை அமைத்தார். அதனைச் செய்து விற்கும் உரிமையை ஹேக் நகரக் கடிகாரக் கைவினைஞர் சாலமன் கோஸ்டர் 1657இல் பெற்றார். ஊசல் காலத்தை அறுதியிட, எடையால் இயங்கும் பற்சக்கரம் ஒவ்வோர் அலைவிலும் ஊசலுக்குச் சிறு உந்துதல் தந்து அதன் ஓய்வைத் தடுப்பது இதன் அமைப்பு. அக்காலத்தில் வழக்கிலிருந்த தடுப்பி, அதாவது பற்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விட்டுக்கொடுக்கும் உறுப்பு, ஊசல் அகலமாக ஆடினால்தான் வேலை செய்யும். அகல ஆடும் ஊசலோ சமநேரம் காப்பதில்லை. உந்துதல் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் வீச்சு மாறும், வீச்சோடு நேரமும் மாறும். கடிகாரம் ஒழுங்காக ஓட வேண்டுமாயின் கலிலியோ சொன்னது உண்மையாகும்படி ஊசலின் பாதையை மாற்றியாக வேண்டும் என்ற நிலை ஹைகன்ஸுக்கு இப்படி வந்தது.

வட்டப்பாதை ஏன் தவறுகிறது என்பதை இன்றைய மொழியில் சொல்வது எளிது. குண்டை நடுநிலைக்குத் திருப்பி இழுக்கும் விசை மீள்விசை எனப்படும். வட்டவில்லில் அது கோணத்தின் சைன் மதிப்புக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. குண்டு நடுநிலையிலிருந்து விலகிய தொலைவாகிய இடப்பெயர்ச்சியோ கோணத்துக்கே நேர்விகிதத்தில் இருக்கிறது. சிறு கோணங்களில் சைனும் கோணமும் ஏறத்தாழ ஒன்றே. கோணம் வளர வளரச் சைன் பின்தங்குகிறது. தொலைவு இருமடங்கானால் திரும்பி வருவதற்கான விசையும் இருமடங்காக வேண்டும். வட்டத்தில் அது இருமடங்கை எட்டாததால் அகல அலைவு தாமதப்படுகிறது. நழுவாமல் உருளும் சக்கரத்தின் விளிம்பில் குறித்த ஒரு புள்ளி வரைந்து செல்லும் வளைகோட்டுக்குச் சைக்ளாய்டு என்று பெயர். அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கிண்ணம்போல் வைத்தால், அதன் அடிப்புள்ளியிலிருந்து பாதை வழியே அளந்த தொலைவும் அவ்விடத்து மீள்விசையும் மிகத் துல்லியமாக ஒன்றுக்கொன்று நேர்விகிதத்தில் அமைகின்றன. இப்பாதையில் எவ்வளவு உயரத்திலிருந்து விட்டாலும் குண்டு அடிப்புள்ளியை ஒரே நேரத்தில் அடையும். 1659 டிசம்பரில் ஹைகன்ஸ் இதைக் கண்டறிந்தபோது விசை, முடுக்கம் என்ற சொற்களில் அவர் சிந்திக்கவில்லை. முழுக்க வடிவியல் வழியாகவே, வேகங்களையும் பரப்புகளையும் ஒப்பிட்டு அம்முடிவை அடைந்தார் என்பது அவருடைய ஆற்றலுக்குச் சான்று.

குண்டைச் சைக்ளாய்டில் செல்லவைப்பது எப்படி என்பது அடுத்த கேள்வி. ஊசலின் நூல் தொங்கும் இடத்தின் இருபுறமும் வளைந்த தகடுகள் இரண்டைப் பொருத்தி, நூல் ஆடும்போது தகட்டின்மேல் படிந்து படிந்து நீளம் குறையும்படி செய்தால், குண்டின் பாதை வட்டத்தைவிடச் செங்குத்தாக உயரும். அத்தகடுகளின் வடிவம் என்னவாக இருக்க வேண்டும் என்று ஆராய்ந்த ஹைகன்ஸ், அதுவும் சைக்ளாய்டாகவே இருக்க வேண்டும் என்று நிறுவினார். 1673இல் பாரிஸில் வெளிவந்த ஊசற்கடிகாரம் பற்றிய அவருடைய பெருநூல் இவையனைத்தையும், திண்மப் பொருள் முழுவதுமே ஆடும் கூட்டு ஊசலின் கணக்கையும் உள்ளடக்கியது. ஊசலின் நீளத்திலிருந்து தடையின்றி விழும் பொருளின் வேகவளர்ச்சியைக் கணக்கிடும் வழியும் அதிலுண்டு. நொடி ஊசலின் நீளம் 3 பாரிஸ் அடி 8½ லீன் (அங்குலத்தின் உட்பிரிவான பழைய பிரெஞ்சு அளவு) என்று கொண்டு, பொருள் முதல் நொடியில் 15 அடி 1 அங்குலம் விழும் என்று அவர் பெற்ற விடை, இன்று நாம் எழுதும் 9.8 மீட்டர் என்ற முடுக்க மதிப்புக்கு முற்றிலும் ஒத்தது.

இவ்வளவு அழகான தீர்வு நடைமுறையில் நெடுங்காலம் நிற்கவில்லை. 1670ஐ ஒட்டி இங்கிலாந்தில் பரவிய நங்கூர வடிவத் தடுப்பி, சில பாகை வீச்சிலேயே கடிகாரத்தை ஓட்டியது. அவ்வீச்சில் வட்டத்துக்கும் சைக்ளாய்டுக்கும் வேறுபாடு மிகச் சிறிது. 5 பாகை வீச்சில் ஆடும் கடிகாரம், வரம்பற்ற சிறு வீச்சில் ஆடுவதைவிட நாளொன்றுக்கு 41 நொடி பின்தங்கும். ஆனால் வீச்சு ஒரே அளவில் நீடிக்கும்வரை நீளத்தைச் சற்றுக் குறைத்து அதைச் சரிசெய்துவிடலாம். வீச்சு 5 பாகையிலிருந்து 4 பாகையாகச் சுருங்கினால் ஏற்படும் மாற்றம் நாளுக்குப் பதினைந்து நொடியே. தகடுகளில் நூல் ஒட்டுவதாலும் உராய்வதாலும் வரும் பிழையோடு ஒப்பிட்டபோது கைவினைஞர்கள் தகடுகளைக் கைவிட்டதில் வியப்பில்லை. பாடநூலில் இன்று வரும் ‘சிறு வீச்சு’ என்ற நிபந்தனை, கணித ஏட்டைவிடக் கடிகாரப் பட்டறை வழியாகவே நிலைபெற்றது என்று கொள்வது பொருந்தும்.

சுருள்வில்லும் பொது விதியும்

மீள்விசை இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதத்தில் இருந்தால் அலைவு நேரம் வீச்சைச் சாராது என்ற உண்மை, ஊசலைவிடச் சுருள்வில்லில்தான் வெளிப்படையாகத் தெரிகிறது. இராபர்ட் ஹூக், வில்லை எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவுக்கு அதன் எதிர்விசையும் வளரும் என்ற தம் விதியை 1676இல் எழுத்துகளை இடம்மாற்றிக் கோத்த புதிராக வெளியிட்டு, 1678இல் அதை அவிழ்த்துக் காட்டினார். கண்டுபிடிப்பை வெளியிடாமலே உரிமையை மட்டும் பதிவுசெய்துகொள்ளும் இம்முறை அக்காலத்தில் வழக்கமானது. வில் பொருத்திய பைக்கடிகாரத்தின் உரிமை பற்றி 1675இல் அவருக்கும் ஹைகன்ஸுக்கும் மூண்ட பூசலை அறிந்தவர்களுக்கு அதன் தேவை புரியும். 1678ஆம் ஆண்டு நூலிலேயே, வில்லின் அதிர்வுகள் பெரியவையாயினும் சிறியவையாயினும் சமநேரமுடையவை என்று தம் விதியிலிருந்து வருவிக்க ஹூக் முயன்றார். முடிவு சரி, நிறுவல் முழுமையானதன்று.

அதை முழுமையாக்கியது 1687இல் வந்த நியூட்டனின் பிரின்சிபியா. ஒரு மையத்தை நோக்கிய விசை மையத்திலிருந்துள்ள தொலைவுக்கு நேர்விகிதத்தில் இருந்தால், எங்கிருந்து விடப்பட்ட பொருளும் மையத்தை ஒரே நேரத்தில் அடையும் என்பதை நியூட்டன், வட்டத்தில் சீராகச் சுழலும் ஒரு புள்ளியை அதன் விட்டத்தின்மேல் வீழ்த்திப் பார்க்கும் வழியில் நிறுவினார். இன்றைய பாடநூல்கள் சீரான வட்ட இயக்கத்தின் நிழலாகத் தனிச்சீரிசை இயக்கத்தை விளக்குவது அவ்வழியின் தொடர்ச்சியே. விசை இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதத்திலும் எதிர்த்திசையிலும் அமையும் இவ்வியக்கத்துக்கு ஆங்கிலப் பாடநூல்களில் இன்று வழங்கும் பெயர் தாம்சனும் டெய்ட்டும் 1867இல் வெளியிட்ட நூலின் வழியாகவே பரவியது. கருத்து அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முந்தியது.

எடை அலைவு நேரத்தை மாற்றுவதில்லை என்ற கலிலியோவின் தக்கைச் சோதனையையும் நியூட்டன் அப்படியே விட்டுவிடவில்லை. 11 அடி நூல்களில் ஒரே அளவான இரண்டு மரப்பெட்டிகளைத் தொங்கவிட்டு, ஒன்றில் மரத்துண்டையும் மற்றதில் மாறிமாறிப் பொன், வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, நீர், கோதுமை ஆகியவற்றையும் சம எடையில் வைத்து ஆடவிட்டார். பெட்டிகளின் வெளிவடிவம் ஒன்றே என்பதால் காற்றின் தடையும் ஒன்றே. ஆகவே வேறுபாடு ஏதும் தோன்றினால் அது உள்ளிருக்கும் பொருளால்தான் வர வேண்டும். பெட்டிகள் நெடுநேரம் ஒன்றாகவே ஆடின. ஒரு பொருளின் நிறையும் அதன்மீது புவி செலுத்தும் ஈர்ப்பும் ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடுகூட இன்றி இணைந்து செல்கின்றன என்று அவர் முடிவுகட்டினார். தனி ஊசல் சூத்திரத்தில் நிறை என்ற எழுத்தே இல்லாமலிருப்பதன் முழுப்பொருள் இதுதான். பின்னாளில் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் இதே சமன்மையை அடித்தளமாகக் கொண்டது.

புவியை அளந்த ஊசல்

வீச்சும் நிறையும் ஒதுக்கப்பட்டபின் எஞ்சியவை நீளமும் இடமும். பிரெஞ்சு அறிவியல் கழகம் அனுப்ப, நிலநடுக்கோட்டுக்கு 5 பாகை வடக்கிலுள்ள கயேனில் 1672–73இல் தங்கிய ரிஷே, பாரிஸில் சரியாக ஓடிய நொடி ஊசலை அங்கே 1¼ லீன், அதாவது ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர், குறைக்க வேண்டியிருந்ததைக் கண்டார். குறைக்காவிட்டால் கடிகாரம் நாளுக்கு இரண்டு நிமிட அளவு பின்தங்கியிருக்கும். வெப்பத்தால் உலோகம் நீண்டதே காரணம் என்று சிலர் கருதினர். புவி தன் சுழற்சியால் நடுக்கோட்டில் புடைத்திருப்பதற்கு நியூட்டன் இதைச் சான்றாகக் கொண்டார். ஊசல் இவ்வாறு கடிகாரத்திலிருந்து பிரிந்து, நிலத்தின் ஈர்ப்பை அளக்கும் கருவியாயிற்று.

1817–18இல் ஹென்றி கேட்டர், தலைகீழாகத் திருப்பியும் தொங்கவிடக்கூடிய ஊசலை அமைத்து, ஈர்ப்பு அளவையை லட்சத்தில் ஒரு பங்குத் துல்லியத்தை நெருங்கச் செய்தபின், அத்தகைய அளவீடுகள் உலகெங்கும் மேற்கொள்ளப்பட்டன. சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானியல் ஆய்வுக்கூடத்தில் ஜான் கோல்டிங்ஹாம் 1821இல் செய்த ஊசல் அளவீடுகள் அடுத்த ஆண்டே லண்டன் ராயல் கழகத்தின் வெளியீட்டில் அச்சாயின. 13 பாகை அகலாங்கிலுள்ள சென்னையில் நொடி ஊசலின் நீளம் 99.1 சென்டிமீட்டருக்கு மிக அருகில் அமைகிறது. துருவத்தில் அதுவே 99.6 சென்டிமீட்டரை எட்டும். பின்னர் இந்தியப் பெரும் முக்கோணவியல் அளவைத் துறையின் சார்பில் தென்முனை தொடங்கி இமயம் வரை ஊசல்களைக் கொண்டுசென்ற கேப்டன் பசேவி, கடல் மட்டத்துக்கு 15,000 அடிக்கு மேலுள்ள லடாக்கின் மோரே சமவெளியில் 1871 ஜூலையில் பணியிடத்திலேயே உயிரிழந்தார். இமயத்தின் பெருந்திணிவு கூட்ட வேண்டிய அளவுக்கு அங்கே ஈர்ப்பு கூடவில்லை என்பதை அவருடைய அளவீடுகள் காட்டின. மலைகளுக்கு அடியில் அடர்த்தி குறைந்த பாறை ஆழ வேரோடியிருக்கிறது என்ற கருத்துக்கு இது வலுச்சேர்த்தது.

கம்பியின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஊசல்

இசைக்கருவியின் கம்பி பற்றிய ஆய்வு, ஊசல் பற்றிய ஆய்வுக்கு முன்பே தொடங்கியது. யாழையொத்த லூட் கருவி வாசிப்பவரான கலிலியோவின் தந்தை வின்சென்சோ, கம்பியில் தொங்கவிடும் எடையை நான்கு மடங்காக்கினால்தான் சுரம் ஒரு தாயி மேலேறும் என்று 1589இல் எழுதினார். எடையை இருமடங்காக்கினால் போதும் என்ற பழைய நம்பிக்கையை இது தகர்த்தது. அதிர்வெண், அதாவது ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை, கம்பியின் நீளத்துக்கு எதிர்விகிதத்திலும், இழுவிசையின் இருமடி மூலத்துக்கு நேர்விகிதத்திலும், ஓரலகு நீளத்தின் நிறையுடைய இருமடி மூலத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும் என்ற விதிகளை 1636இல் தொகுத்தவர் முன்னர்க் கண்ட மெர்சென்னே. அவ்விதிகள் அளந்து பெற்றவை. ஏன் அப்படி என்பதற்கு விடை 1713இல் புரூக் டெய்லரிடமிருந்து வந்தது.

டெய்லர் கையாண்ட வழி ஊசலின் வழியே. இழுத்துக் கட்டிய கம்பியின் ஒரு சிறு துண்டை நடுக்கோட்டுக்குத் திருப்பும் விசை, அவ்விடத்தில் கம்பி எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. எல்லாத் துண்டுகளும் நடுக்கோட்டை ஒரே கணத்தில் கடக்க வேண்டுமாயின், ஒவ்வொன்றின்மீதும் உள்ள விசை அதன் இடப்பெயர்ச்சிக்கு ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். அதாவது எங்கே கம்பி மிகுதியாக விலகியிருக்கிறதோ அங்கே வளைவும் அதே விகிதத்தில் மிகுதியாக இருக்க வேண்டும். இந்த இயல்புள்ள வடிவம் சைன் வளைகோடு. அவ்வடிவில் ஆடும் கம்பி, வெவ்வேறு வீச்சுடன் ஆனால் ஒரே அலைவு நேரத்துடன் ஆடும் எண்ணற்ற ஊசல்களின் வரிசையாகிவிடுகிறது. மெர்சென்னின் மூன்று விதிகளும் அதிலிருந்து தாமே விழுகின்றன.

ஆனால் மீட்டிய கம்பி சைன் வடிவில் தொடங்குவதில்லை. விரல் பிடித்திழுத்த இடத்தில் கூர்முனையாக மடிந்து நிற்கிறது. மேலும், ஒரே கம்பி அடிச்சுரத்தோடு இரண்டு, மூன்று, நான்கு மடங்கு அதிர்வெண்ணுள்ள மேற்சுரங்களையும் ஒருங்கே ஒலிப்பதும், கணுக்கள் எனப்படும் அசையாப் புள்ளிகளில் வைத்த காகிதத் துணுக்குகள் விழாமல் தங்குவதும் 1701இல் சோவூர் எழுதியபோதே அறியப்பட்டிருந்தன. 1747இல் தலம்பேர் கம்பியின் இயக்கத்துக்கான அலைச் சமன்பாட்டை எழுதினார்; மறு ஆண்டு ஆய்லர், மடிந்த கம்பி உட்பட எந்தத் தொடக்க வடிவத்துக்கும் அதன் தீர்வை விரித்தார்; 1753இல் தானியேல் பெர்னூலி, எந்த அதிர்வும் பல சைன் அதிர்வுகளின் கூட்டே என்றார். மூவரும் ஒருவரையொருவர் ஏற்கவில்லை. அவருள் காதால் கேட்டதைக் கணிதத்துக்கு மேலாக மதித்தவர் பெர்னூலி. கூர்முனையுள்ள வடிவத்தை வழுவழுப்பான சைன் கோடுகளைக் கூட்டிப் பெற முடியுமா என்று ஆய்லர் ஐயுற்றது அன்றைய கணித நிலையில் நியாயமானதே. வெப்பப் பரவலை ஆராய்ந்த பூரியே 1807இலும், விரிவாக 1822இலும், அப்படிப் பெற முடியும் என்பதற்கு வழி காட்டிய பின்னரே பெர்னூலியின் கூற்று உரிய இடத்தைப் பெற்றது.

இடையில் 1739இல் ஆய்லர் தீர்த்த மற்றொரு கணக்கு இங்கே குறிக்கத்தக்கது. மீள்விசையோடு, சீராக மாறிமாறி வரும் புறவிசை ஒன்றும் தாக்கினால் என்னாகும் என்று கேட்ட அவர், புறவிசையின் காலம் அலைவின் இயல்பான காலத்தோடு ஒத்துவிட்டால் வீச்சு எல்லையின்றி வளரும் என்று கண்டார். தொட்டிலை அதன் போக்கறிந்து ஆட்டுபவர் அறிந்த உண்மையே இது. ஒத்ததிர்வு எனப்படும் இந்நிகழ்வில் தடை இருப்பதால்தான் வீச்சு ஓரளவில் நிற்கிறது.

ராமனும் மிருதங்கமும்

கம்பியின் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் முழு மடங்குகளாக அமைவது கம்பிக்கு வாய்த்த நற்பேறு. வட்டமாக இழுத்துக் கட்டிய சீரான தோலுக்கு அது வாய்க்கவில்லை. அதன் அதிர்வு முறைகளின் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று முழு எண்ணோடு ஒட்டாமல் செல்கின்றன. அதனால்தான் சாதாரண முரசு ஓசை எழுப்புகிறதே அன்றி, தெளிவான சுரம் தருவதில்லை. ஹெல்ம்ஹோல்ட்ஸும் ரேலேயும் ஒலியியலுக்கு அடிப்படை வகுத்த பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களின் நிலை இதுவே.

திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சி.வி. ராமன், கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் தொடக்கக் காலத்தில் செய்த ஆய்வுகளில் பெரும்பகுதி இசைக்கருவிகள் பற்றியது. வில்லால் இழைக்கப்படும் கம்பி பற்றி 1918இல் விரிவான கோட்பாடு வெளியிட்டார். கம்பியை ஒரு கணுவில் மீட்டினால் அக்கணுவுக்குரிய மேற்சுரம் எழாது என்ற யங்கின் விதி, வளைந்த பரப்புள்ள பாலத்தின்மேல் கம்பி படிந்து எழும் வீணைக்கும் தம்புராவுக்கும் பொருந்துவதில்லை என்று 1921இல் காட்டினார். இவற்றைவிட இக்கட்டுரையின் போக்குக்கு நெருக்கமானது, சிவகாலி குமாரோடு சேர்ந்து 1920இல் நேச்சர் இதழில் அவர் வெளியிட்ட குறிப்பு. மிருதங்கமும் தபலாவும் முழு மடங்கு மேற்சுரங்களைத் தருகின்றன என்பது அதன் செய்தி.

மிருதங்கத்தின் வலந்தலையில், தோலின் நடுவே கரணை எனப்படும் கருவட்டம் படிந்திருக்கிறது. கருநிறக் கற்பொடியையும் சோற்றையும் குழைத்து மெல்லிய படலமாகத் தடவி, தேய்த்து, உலரவிட்டு, அதன்மேல் அடுத்த படலம் தடவி, நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் வரும்படி அதைக் கைவினைஞர் வளர்த்தெடுக்கிறார். விளிம்பைச் சுற்றித் தனித் தோல்வளையம் ஒன்றும் உண்டு. 1934இல் இந்திய அறிவியல் கழகத்தின் இதழில் வந்த கட்டுரையில் ராமன், தோலின்மேல் நுண்மணலைத் தூவி, விரலால் ஓரிடத்தைத் தொட்டுக்கொண்டு மற்றோரிடத்தில் அடித்து, மணல் ஒதுங்கி நிற்கும் கணுக்கோடுகளைப் படமாகப் பதிவுசெய்தார். நடுவில் கூட்டிய நிறை எல்லா அதிர்வு முறைகளையும் ஒரே அளவில் தாமதப்படுத்துவதில்லை. நடுப்பகுதி மிகுதியாக அசையும் முறைகளை மிகுதியாகவும், கணுக்கோடு நடுவே செல்லும் முறைகளைக் குறைவாகவும் தாமதப்படுத்துகிறது. அதன் விளைவாக ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து சுரங்களாகத் திரள்கின்றன: முதல் இரண்டு சுரங்களுக்கு ஒவ்வொரு முறை, மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இரண்டிரண்டு, ஐந்தாவதற்கு மூன்று. அதற்கு மேற்பட்டவற்றை விளிம்புத் தோல்வளையம் அடக்கிவிடுகிறது. ஒரே அதிர்வெண்ணுக்கு வந்துவிட்ட முறைகள் தம்முள் கலந்து எந்த வடிவிலும் அதிரக்கூடியவை என்பதால், ராமனின் மணற்படங்களில் வட்டமும் விட்டமும் மட்டுமின்றி அவற்றின் கலவையான இணைகோடுகளும் தோன்றுகின்றன.

இவ்வொத்திசைவு எவ்வாறு அமைகிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்டும் பணி 1954இல் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் மன்மோகன் சோந்தியும் வெளியிட்ட ஆய்வில் நிறைவேறியது. தோலை, நடுவில் அடர்த்தி மிகுந்த ஒரு வட்டமும் சுற்றிலும் அடர்த்தி குறைந்த வளையமும் சேர்ந்த கூட்டுப்படலமாகக் கொண்டு, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே அலைச் சமன்பாட்டைத் தீர்த்து எல்லையில் பொருத்தியபோது, வட்டத்தின் அகலத்துக்கும் அடர்த்திக்கும் தக்க மதிப்புகளைத் தந்தால் அதிர்வெண்கள் முழு எண் விகிதத்துக்கு மிக அருகில் வந்து நிற்பதை அவர்கள் கண்டனர். கணக்கில் அடர்த்தி வட்டத்தின் ஓரத்தில் ஒரே படியாக இறங்குகிறது. கரணையிலோ அது படலம் படலமாக மெலிந்து இறங்குகிறது.